பக்கத்து வீட்டு இஞ்சிப் பாகு

போன வாரம், குவீன்ஸ்டவுனே மழையில் ஊறிக் கிடந்த ஒரு சாயங்காலம், என் வீட்டுக் கதவைத் தட்டினாள் சியூ லான். பக்கத்து வீட்டுக்காரி. என் வயசுதான், எழுபத்து நாலு. கையில் மூடி போட்ட கிண்ணம்.

ஒவ்வொரு டிசம்பரும் இது நடக்கும். சீனர்களின் குளிர்காலப் பண்டிகை. அவர்கள் பூர்வீக ஊரில் வருஷத்திலேயே நீளமான இரவு அன்றைக்குத்தான் வருமாம். நம் சிங்கப்பூரில் ஏது குளிர்காலம், ஏது நீள இரவு? பன்னிரண்டு மாதமும் ஏழு மணிக்கு விடியும், ஏழு மணிக்கு இருட்டும். ஆனாலும் சியூ லான் விடமாட்டாள். ஒட்டுகிற அரிசி மாவில் சிவப்பும் வெள்ளையுமாய் உருண்டை பிடித்து இஞ்சிப் பாகில் மிதக்கவிடுவாள். அன்றைக்கு அதைச் சாப்பிட்டால்தான் ஒரு வயசு கூடுமாம்.

அந்த இஞ்சிப் பாகைப் பற்றி நானே இந்தப் பத்திரிகைப் பத்தியில் எழுதியிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா? மழைக்காலத் தொண்டைக்கு அதைப்போல வராது, நெஞ்சு வரைக்கும் இதமாக இறங்கும் என்று. உங்களில் சிலர் செய்து பார்த்துவிட்டு எனக்கு எழுதவும் செய்தீர்கள். பெருமையாக இருந்தது.

இப்போது சொல்கிறேன்... நான் அதைக் குடித்ததே இல்லை.

நான் சுத்த சைவம். உருண்டைக்குள் பன்றிக் கொழுப்பு வைப்பார்கள் என்று தேக்கா சந்தையில் யாரோ சொன்னது காதிலேயே நின்றுவிட்டது. சியூ லானிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் மரியாதைக் குறைவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிரித்தபடி வாங்குவேன். கதவைச் சாத்துவேன். அடுக்களைச் சுவரில், மாடியிலிருந்து குப்பையைக் கீழே தள்ளும் குழாயின் மூடியைத் திறந்து கொட்டிவிடுவேன். பிறகு கிண்ணத்தைக் கழுவி — வெறும் பாத்திரமாகத் திருப்பக்கூடாது, இல்லையா — ஒரு கைப்பிடி சர்க்கரை போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பேன். நம் வழக்கத்தை மட்டும் நான் விட்டதில்லை.

இருபது வருஷம் இப்படி.

நான் சொல்லச் சொல்ல டைப் பண்ணுகிற என் மருமகள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "என்ன பாக்குற? டைப் பண்ணு" என்றேன்.

இந்தத் தடவை சியூ லான் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. வாசலிலேயே நின்றாள். நாங்கள் பேசுவது பாதி மலாய், பாதி ஆங்கிலம். தமிழில் சொன்னால் இப்படி வரும்.

"லெச்சுமி, போன மாசம் காய்ச்சல் வந்ததுலேர்ந்து என் நாக்கு செத்துப் போச்சுலா. இனிப்பு, காரம் ஒண்ணும் தெரியல. இந்த வருஷம் கெட்டுப் போச்சுன்னா இனிமே கடையில வாங்கிக்கலாம்னு மக சொல்லிட்டா. நீதான் வருஷா வருஷம் சாப்பிடுற. பாத்து சொல்லு... சாமா?"

மலாயில் சாமா என்றால் அதேபோல என்று அர்த்தம். எதைப்போல? எனக்கென்ன தெரியும்?

கரண்டியை உதட்டில் வைப்பதுபோல் வைத்தேன். "சாமா, சாமா. சூப்பர்."

அவள் முகத்தில் இருந்த இறுக்கம் அப்படியே தளர்ந்தது. "அப்ப சரி. ராத்திரி பேரப்பிள்ளைங்க எல்லாம் வராங்க."

கதவைச் சாத்தினேன். குழாய் மூடியில் கை வைத்தேன். ஆனால் அந்த முகம்... கொட்ட முடியவில்லை. அரைக் கரண்டி பாகை வாயில் விட்டேன்.

உப்பு.

சர்க்கரைக்குப் பதிலாக அத்தனையும் உப்பு. பேசாமல் இருந்தால் ராத்திரி அவள் பிள்ளைகள் முன்னால் தலை குனிவாள். போய்ச் சொன்னால் என் தலை குனியும். உடனே ஓடினேன் என்று எழுத ஆசைதான். இல்லை. கொஞ்ச நேரம் அடுக்களையிலேயே நின்றேன்.

பிறகுதான் அவள் அடுக்களைக்குப் போனேன்.

"சியூ லான், சர்க்கரைன்னு உப்பப் போட்டுட்டே."

"இப்பத்தானே சாமான்னு சொன்னே?"

"நான் வாயிலயே வைக்கல. இப்ப மட்டுமில்ல... எந்த வருஷமும் சாப்பிட்டதில்ல. பன்னிக் கொழுப்பு இருக்கும்னு நெனச்சேன்."

அடுப்பிலிருந்த பெரிய சட்டியைத் தொட்டியில் கவிழ்த்தாள். அப்புறம் கீழ் அலமாரியைத் திறந்து, காதில் சிவப்பு நூல் கட்டிய ஒரு சின்னச் சட்டியை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"இது உன் சட்டி. வாங்கின நாள்லேர்ந்து இதுல இறைச்சியும் பட்டதில்ல, கொழுப்பும் பட்டதில்ல. உன் பங்க இதுலதான் செய்வேன்."

கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றாலும் வாராவாரம் ஊருக்கு யோசனை சொல்கிறவள் நான். ஒரு சுவருக்கு அந்தப்புறம் எனக்காக ஒரு சட்டி இருந்தது தெரியவில்லை.

"அப்ப இருபது வருஷமா உனக்கு வயசே ஏறலையா, லெச்சுமி?" என்றாள். சிரிக்கவில்லை.

புது இஞ்சி நசுக்கினோம். சர்க்கரை டப்பாவை இந்தத் தடவை நான் எடுத்துக் கொடுத்தேன். பாகு கொதித்ததும் கரண்டியை நீட்டினாள்.

"ஊதிக் குடி. இப்பவாவது நெசத்தைச் சொல்லு."

குடித்தேன். "இஞ்சி பத்தல."

இன்னொரு துண்டு நசுக்கிப் போட்டாள்.

மறுநாள் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கழுவாமல்தான் — சாப்பிட்டதற்குச் சாட்சி வேண்டாமா?