அப்புக்காத்து றஸாக்கின் பங்கு

கல்முனைக் கோட்டில் வழக்காட அப்புக்காத்து றஸாக் எழுந்து நின்றால் எதிர்ப்பக்கம் வாயடைத்துப் போகும். அவரே வாயடைத்துப் போனதை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அதுவும் அவருடைய வீட்டில்.

அவர் பி.ஏ. பாஸ் பண்ணியதே எங்கள் சாய்ந்தமருதுக்குப் பெரிய விசயம். அவருக்கு அது போதவில்லை. ஐம்பத்தைந்தாம் ஆண்டு சட்டம் படிக்க லண்டனுக்குக் கப்பலேறினார். எங்கள் வழக்கப்படி கல்யாணம் முடித்துப் பெண் வீட்டோடு இருந்தவர். ஆகவே கொழும்புத் துறைமுகம் வரை போய் வழியனுப்பியதும் மாமனார் பக்கீர் முகைதீன்தான். புறப்படும்போது மனைவி நதீரா கேட்டது ஒன்றே ஒன்று.

“அங்க பசியோட மட்டும் கெடந்திராதீங்க.”

“பசியா? அந்தப் படிப்பே சாப்பாடுதான் புள்ள” என்று சிரித்தார் றஸாக்.

அதில் பாதி உண்மை. பாரிஸ்டராவதற்குப் பரீட்சை மட்டும் போதாது. தவணைதோறும் சட்டக் கழகத்து மண்டபத்தில் உட்கார்ந்து விருந்து சாப்பிட்டே ஆகவேண்டும். இதைக் கேட்டால் ஊர் சும்மா விடுமா? “திண்டு திண்டே அப்புக்காத்தாகிற மனிசன்” என்று சந்தையெல்லாம் கேலி. நதீராவுக்கு அந்தக் கேலி இனித்தது. வீட்டில் இறைச்சி சமைக்கிற நாட்களில் அவள் தொண்டையில் சோறு இறங்கியதே அவரும் அங்கே நன்றாகச் சாப்பிடுகிறார் என்ற நம்பிக்கையில்தான்.

மூன்று வருடம் கழித்து வந்தார். நன்றாக மெலிந்திருந்தார். கப்பல் பயணம் படுத்திவிட்டது என்று நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம். மறுநாள் பகல் விருந்து. ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து அதிலிருந்தே எல்லோரும் சாப்பிடுவதுதான் எங்கள் முறை. மாமனாரும் நானும் றஸாக்கின் சஹனில் இருந்தோம். நெய்ச்சோற்றின் மேல் மாட்டிறைச்சி மணத்தது. மனிதர் தன் பக்கத்துத் துண்டுகளை ஒவ்வொன்றாக எங்கள் பக்கம் தள்ளிவிட்டு வெறும் சோற்றைப் பிசைந்தார். சீமைக்காரனாகவே மாறிவிட்டாரே என்று எனக்குச் சுருக்கென்றது. மாமனாரின் முகம் விழுந்துபோயிற்று.

“நம்மட சாப்பாடு புடிக்கல்லயா மருமகன்?”

றஸாக் திடுக்கிட்டுத் தன் கையைப் பார்த்தார்.

“ஐயோ, இல்ல மாமா. கை பழகிப் போச்சு. அங்க நாலு பேருக்கு ஒரு மேசை. இறைச்சியும் குடியும் நாலு பேருக்கும் பொது. நம்மட முறையில அறுத்ததில்லத்தானே? என்ட பங்கையெல்லாம் மத்த மூணு பேருக்கும் தள்ளி உட்டுருவன். எனக்குப் பக்கத்தில இருக்கிறதுக்கு அடிபுடி!”

அவர் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

“அப்ப நீங்க என்னத்தத் திண்டீங்க?” என்றார் மாமனார்.

“வெறும் பாண் துண்டும் உருளைக்கிழங்கும்.”

ஆண்கள் சாப்பிடும் இடத்தில் நதீராவின் குரலை நாங்கள் கேட்டதே இல்லை. அன்று திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து கேட்டோம்.

“அப்ப எனக்கிட்டச் சொன்னது பொய்தானே?”

வாதாடப் படித்து வந்தவருக்கு வாய் எழவில்லை. “ஓம் புள்ள” என்று மட்டும் சொன்னார்.

“வாப்பா, அந்தத் துண்டெல்லாத்தையும் அவர்ட பக்கம் தள்ளுங்க.”

மாமனார் தள்ளினார். நானும் தள்ளினேன். றஸாக் தலையைக் குனிந்துகொண்டு, வழிந்த கண்ணைத் துடைக்காமல், எல்லாவற்றையும் தின்று முடித்தார்.