படிவத்தில் இல்லாத ஆறு வருடங்கள்

வியாழக்கிழமைகளில் ரொறன்ரோவில், எங்கள் வெக்ஸ்போர்ட் வீட்டு வாசலில் கடைகளின் விளம்பரத் தாள்கள் கட்டாக வந்து விழும். எங்கே வெங்காயம் மலிவு, எங்கே கோழி மலிவு என்று பார்க்கத்தான் எல்லோரும் அதை எடுப்பார்கள். நான் முதலில் மணந்து பார்ப்பேன். மகள் கண்டுவிட்டால், "அம்மா, திஸ் இஸ் சோ வியர்ட்" என்பாள். வியர்ட்தான், என்ன செய்வது. வழுவழுப்பான தாளில் மை காயும் அந்த மணம் எனக்குச் சோவியத் மணம். நீங்களும் அறுபதைத் தாண்டியவராய், யாழ்ப்பாணத்தில் படித்தவராய் இருந்தால் நான் சொல்வது விளங்கும்.

அந்தக் காலத்தில் ரஷ்யாவிலிருந்து தமிழில் சஞ்சிகை வரும். வாசித்தார்களோ இல்லையோ, ஊரில் பாதி வீடு அதை எடுத்தது. கொப்பிக்கு உறை போட அதைப்போல ஒரு தாள் கிடையாது, மழையில் நனைந்தாலும் லேசில் கிழியாது. என் அண்ணையின் கணக்குக் கொப்பியில் ஒரு பெண் உழவு இயந்திரத்தின் மேல் இருந்து பல்லெல்லாம் தெரியச் சிரிப்பாள். என் கொப்பியில் சந்திரனில் இறங்கிய அமெரிக்கர். அமெரிக்கத் தூதரகத்துக்கு ஒரு தபாலட்டை போட்டால் அவர்களும் சும்மாவே சஞ்சிகை அனுப்புவார்கள். நான் அமெரிக்காவின் பக்கம் நின்றதற்கு அண்ணை ரஷ்யாவின் பக்கம் நின்றதைத் தவிர வேறு காரணம் இல்லை. ஒரே மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். யாருடைய றொக்கெற் பெரியது என்று அடிபிடிதான். தபால் கந்தோரில் வேலை செய்த ஐயா இரண்டு பொதிகளையும் தானே சுமந்து வருவார். "உந்த ரெண்டு நாட்டுக்காரங்களும் நல்லாச் சண்டை பிடிக்கட்டும். அதுவரைக்கும் எங்களுக்குக் கொப்பி உறைக்குப் பஞ்சமில்லை" என்பார்.

அண்ணைக்குக் கொள்கை வலு கடுமை, வாய் வேறு கட்சி. கோதுமை மாவுக்கு எங்கள் ஊரில் பெயரே அமெரிக்கன் மா. அந்த மாவில் அவித்த புட்டைச் சம்பலோடு குழைத்து விழுங்கிக்கொண்டே ஏகாதிபத்தியத்தை வாங்கு வாங்கென்று வாங்குவார்.

"அண்ணை, உது அமெரிக்கன் புட்டு" என்று ஒருநாள் சீண்டினேன்.

"மா அவன்ரை. தேங்காய் எங்கடை" என்று சொல்லி இன்னும் இரண்டு அகப்பை போடச் சொன்னார்.

அப்படிப்பட்டவருக்கு மொஸ்கோவில் படிக்கப் புலமைப்பரிசில் கிடைத்ததில் யாருக்கு என்ன ஆச்சரியம். மொழி படிக்க ஒரு வருடம், பொறியியல் படிக்க ஐந்து வருடம். பாலங்கள்தான் அவருடைய பாடம். திரும்பி வந்த கையோடு சித்திரை வெயிலில் உரோமத் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஸ்ரூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்தார், வேர்வை வழிந்ததுகூடப் படத்தில் தெரியும். அவருடைய பட்டத்துக்குச் சிவப்பு மட்டை. மிகத் திறமாகச் சித்தியடைந்தவர்களுக்கு மட்டும்தான் சிவப்பு என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தா. அரசாங்கத்தின் தெருப் பகுதியில் வேலை கிடைத்தது. மதகுகளும் சின்னப் பாலங்களும் கட்டினார். பஸ்ஸில் போகும்போது, "இது என்ரை" என்று காட்டுவார்.

பிறகு நாடு கெட்டது. நான் கலியாணம் கட்டி ரொறன்ரோவுக்கு வந்து, அண்ணையைக் கூப்பிடப் படிவம் நிரப்பினேன். இங்கேதான் என் கெட்டித்தனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் ஒரு சட்டத்தரணியிடம் தட்டெழுத்து வேலை பார்த்தவள் என்பதால், எங்கள் அப்பார்ட்மென்ற் கட்டடத்தில் யாருக்குப் படிவம் என்றாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. கடந்த பத்து வருடத்தில் எங்கெங்கே இருந்தீர், என்ன செய்தீர், எந்தக் கட்சியில் சேர்ந்தீர் என்று படிவம் கேட்டது. மொஸ்கோ என்ற சொல்லை எழுத எனக்குக் கை வரவில்லை. கட்டடத்தில் கேட்ட ஆட்களும் ஒரே குரலில், "ரஷ்யா எண்டு போட்டீரோ, அதோடை சரி" என்றார்கள்.

அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நான் களவெடுக்கப் போகேல்லை, படிக்கப் போனனான். ஏன் ஒளிக்கோணும்?" என்றார்.

"அண்ணை, இவங்கள் அமெரிக்காவுக்குப் பக்கத்து வீடு. முதல்லை வந்து சேருங்கோ, மிச்சத்தைப் பிறகு பாப்பம். அந்தச் சிவப்பு மட்டையைக் கொண்டு வந்திடாதேங்கோ, பெட்டியைக் கிண்டுவாங்கள்."

ஆறு வருடத்தையும் மறைத்து, 'தகப்பனாரின் தோட்டத்தில் உதவி' என்று எழுதினேன். ஐயாவிடம் தோட்டம் என்று சொல்ல நாலு கத்தரிக்கன்றுதான் இருந்தது. படிவம் ஊருக்குப் போய், அண்ணையின் கையெழுத்தோடு திரும்பி வந்தது.

வந்து சேர்ந்தார். ரெக்ஸ்டேலில் பிளாஸ்ரிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஒரு வருடம் கழித்து, பொறியியலாளர் அனுமதிக்கு எழுதிப் போடட்டோ என்று கேட்டார். நான்தான் மறித்தேன். பேப்பரில் இருப்பதற்கு மாறாகச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம் காட்டினேன். அதற்குள் ஊரில் எங்கள் வீடு குண்டு பட்டு எரிந்தது, சிவப்பு மட்டையும் அதோடு போனது. அதன் பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கவில்லை. கலியாணமும் கட்டவில்லை, எங்கள் பேஸ்மென்றில் இருந்தார்.

ஒரு மார்கழியில் சோவியத் கொடியை இறக்குவதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அண்ணை வேலைச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றபடி பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

"அண்ணை, இனி அந்தப் படிப்பைச் சொல்லலாம்தானே?"

"என்னெண்டு சொல்லுறது? நாடு போயிட்டுது. நாங்கள் எழுதின பொய் போகேல்லையே" என்றார்.

பிளாஸ்ரிக் தொழிற்சாலை மூடியதும் பிறம்ரனில் வெயர்ஹவுஸ் வேலை. அப்படியே வருடங்கள் போயின. ஒரு கலியாண வீட்டில் எங்கள் மேசையில் ஒருவர் வந்து இருந்தார், வடமராட்சிக்காரர். அவரும் மொஸ்கோவில் படித்தவர், அண்ணை வந்த அதே காலத்தில் இங்கே வந்தவர். நான் மெல்ல, "படிவத்திலை எப்பிடி எழுதினனீங்கள்?" என்று கேட்டேன்.

"உள்ளதை எழுதினன். நேர்முகத்திலை ஒபிசர் சிரிச்சவன். மொஸ்கோக் குளிரைத் தாங்கினனீர் எண்டால் ரொறன்ரோ உமக்கு ஒண்டுமில்லை எண்டான்."

பரீட்சை எடுத்து, அனுமதி பெற்று, பாலம் கட்டும் கொம்பனி ஒன்றில் வேலை செய்கிறாராம். நான் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். அண்ணையோ அவரிடம் இப்போது எந்தப் பாலம், எத்தனை தூண், என்ன மண் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் இருவரும் ரஷ்ய மொழிக்கு மாறினார்கள். இத்தனை வருடமாக எங்கள் வீட்டில் இருந்தவர் வாயிலிருந்து அந்த மொழியை நான் கேட்டதே இல்லை. கைகளை விரித்து எதையோ விளக்கினார். அந்த முகத்தை எனக்குத் தெரியும், பஸ்ஸில் மதகு காட்டும் முகம்.

திரும்பும்போது காரில், "அண்ணை, எல்லாம் என்னாலைதான்" என்று தொடங்கினேன்.

"அதை விடு பிள்ளை. கையெழுத்து என்ரைதானே" என்றார். ஒருநாள் திட்டியிருந்தாரென்றால் எனக்கு ஆறியிருக்கும். கடைசிவரை திட்டவில்லை.

போன மாசியில் அண்ணை போய்விட்டார். செத்தவீட்டு மண்டபத்தில் வேலை செய்யும், இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை ஒருத்திதான் மரணப் பதிவுப் படிவம் நிரப்பினாள். நல்ல பிள்ளை, என்னை இருத்தித் தண்ணீரெல்லாம் தந்தாள்.

"அன்ரி, அங்கிள் என்ன வேலை செய்தவர்?"

"பொறியியலாளர். பாலம் கட்டுற எஞ்சினியர்."

"ஓ, நைஸ். எங்கை படிச்சவர்?"

"சோவியத் யூனியனிலை" என்றேன். கனடாவில் ஒரு படிவத்துக்கு முன்னால் இருந்து நான் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் பேனையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "சொறி அன்ரி, அது எங்கை இருக்கு?"

"இப்ப இல்லை" என்றேன்.

"ஓகே. அப்ப கனடாவிலை என்ன செய்தவர்?"

சொன்னேன். வெயர்ஹவுஸ் என்று எழுதித் தாளை என் பக்கம் திருப்பினாள். இந்த முறை கையெழுத்து என்னுடையது.