வெத்துப்பெட்டி

தெருவில் அவளுக்கு வெத்துப்பெட்டி என்றுதான் பெயர். நேரில் பார்த்தால் மட்டும் பின்னால் ஒரு "அக்கா" ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒரு நாள் நானூற்றுப் பன்னிரண்டு படி ஏறி, மலை உச்சியில் காற்றுப் பிடித்துக்கொண்டு வருவது அவள் வேலை. பதினோரு வருடமாக அதைத்தான் செய்கிறாள். காற்றுப் பிடிக்கிறவள் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? சைக்கிள் கடைக்காரரும் காற்றை வைத்துத்தான் பிழைக்கிறார். ஆனால் அவருக்குப் பட்டப்பெயர் கிடையாது.

உச்சியில் தகரக் கூண்டு ஒன்று, அதற்குள் ஒரு பம்பு. வாரம் முழுக்கக் காற்றை உறிஞ்சி, உள்ளங்கை அகலப் பஞ்சு உருளை ஒன்றின் வழியாக விட்டுக்கொண்டே இருக்கும். காற்றில் விஷம் இருந்தால் பஞ்சில் தங்கிவிடும். அவள் பழைய பஞ்சை எடுத்து வெள்ளித்தாளில் சுற்றி, கண்ணாடி ஜாடியில் அடைத்து, புதுப் பஞ்சை வைத்துவிட்டு இறங்குவாள். ஜாடி ஆய்வகத்துக்குப் போகும். அங்கே கிடைக்கும் எண் ஏழு நாட்டுக் கணக்கில் போய்ச் சேரும். யார் வீட்டு விஷம் யார் வீட்டு வாசலுக்குக் காற்றில் போகிறது என்று ஏழு நாட்டுக்காரர்களும் சேர்ந்து கம்ப்யூட்டரில் காற்றை ஓட்டிப் பார்க்கிறார்கள்.

மாதம் ஒரு தடவை மட்டும் அவள் தூக்கிப் போகும் பெட்டியில் இரண்டு ஜாடி இருக்கும். இரண்டாவது ஜாடியில் இருக்கும் பஞ்சுக்கு ஒரு வேலையும் இல்லை. அதை மேலே கொண்டு போய்த் திறக்க வேண்டும். கூண்டில் வைத்து, பம்பைப் போடாமலே எடுத்து, மூடி, திரும்பக் கொண்டு வர வேண்டும். அவளுடைய கையிலிருந்தோ துணியிலிருந்தோ பெட்டியிலிருந்தோ ஏதாவது ஒட்டுகிறதா என்று பார்க்கத்தான் இந்தக் கூத்து.

"ஒண்ணுமில்லாததை மேல தூக்கிட்டுப் போய், ஒண்ணுமில்லாமலே கீழ கொண்டு வர்றதுக்கு ஒரு ஆளு," என்பார் வண்டி மெக்கானிக்கான அவள் கணவர். பட்டப்பெயரைத் தெருவுக்குத் தானம் செய்தவரும் அவரேதான்.

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஜாடி எடுக்கும் நாளில் பவுடர் கிடையாது, வாசனை சோப்பு கிடையாது, தலைக்கு எண்ணெய்கூடக் கிடையாது. பஸ்ஸில் சென்ட் போட்டவர் பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து நின்றுகொள்வாள். திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டவர்கள் நிறைய.

ஒரு மத்தியானம் ஆய்வகத்து மேடம் போன் செய்தாள். மூன்று மாதத்துக்கு முந்தைய ஜாடி ஒன்றில், வழக்கத்தைவிட நாற்பது மடங்கு பூச்சி மருந்து இருக்கிறதாம். முப்பது வருடத்துக்கு முன்பே எல்லா நாட்டிலும் தடை செய்த மருந்து. அந்த வாரக் காற்றில் அது வரவே முடியாது என்று ஏழு நாட்டுக் கணக்கும் ஒரே குரலில் சொல்கிறதாம்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அந்த வாரம் வீட்டுல ஏதாவது மருந்து அடிச்சீங்களா?"

அவளுக்குச் சுரீர் என்றது. அடித்திருந்தார்கள். ஜாடி எடுப்பதற்கு முதல் நாள், மெக்கானிக் கடையின் மூலையில் கிடந்த பெயரில்லாத டப்பா ஒன்றைக் கொண்டு வந்து, கட்டிலில் மூட்டைப்பூச்சிக்கு அடித்தது கணவர்தான். அன்று அவரைத் திட்டிவிட்டு, இரண்டு தடவை குளித்து, சமையலறையில் படுத்துக்கொண்டாள்.

"லைன்ல இருக்கீங்களா அக்கா?"

"இருக்கேன் மேடம். எல்லாத்தையும் எழுதி அனுப்பறேன்."

அவள் கைதான் அழுக்கு என்று ஆகிவிட்டால் அந்த ஒரு வாரத்தோடு போகாது. பதினோரு வருட ஜாடிகளும் சந்தேகத்துக்குள் வந்துவிடும். மலைக்கூண்டையே கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

"நான் அடிச்சதை யார் பார்த்தா?" என்றார் கணவர் சாயங்காலம். "மூட்டைப்பூச்சி பார்த்துச்சு. அதுவும் செத்துப்போச்சு."

"எழுதத்தாங்க போறேன்."

"எழுதினா உன் வேலை போயிடும்."

"எழுதாட்டி ஏழு நாட்டுக் கணக்கும் தப்பாப் போயிடும். அப்புறம் நான் எதுக்குப் படி ஏறணும்?"

அவர் எழுந்து போய் அந்த டப்பாவைக் கொண்டு வந்து அவள் பக்கத்தில் வைத்தார்.

எல்லாவற்றையும் எழுதினாள். டப்பாவையும் கட்டி அனுப்பினாள். அந்த வார நோட்டுப் பக்கத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, அது இரண்டு ஜாடி நாள். குறிப்புக் கட்டத்தில் அவள் கையெழுத்து: "முட்டி வலி. வெத்துப் பஞ்சை அடுத்த வாரம் பார்த்துக்கலாம்னு தோணுச்சு, மனசு கேக்கல. ரெண்டு நாளா சூரியன் கழுவாத தட்டு மாதிரி இருக்கு. கீழ தெளிவு, மேல மங்கல்." இந்தக் கட்டத்தில் கதை எழுதாதீர்கள் என்று அலுவலகம் முன்பு ஒரு தடவை கண்டித்திருந்தது. இருந்தாலும் அதையும் நகல் எடுத்து அனுப்பினாள்.

பத்தொன்பது நாள் பதில் இல்லை. அதற்குள் கையைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்துவிட்டது.

இருபதாம் நாள் மேடமே வீடு தேடி வந்துவிட்டாள். நேராகப் போய் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். கணவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இத்தனை நாள் பிரிக்காம வச்சிருந்த வெத்துப் பஞ்சை இப்பத்தான் பார்த்தோம். சுத்தம் அக்கா. துளிகூட இல்ல. அதே நாள், அதே கை, அதே பெட்டி. டப்பால இருக்கறதும் வேற மருந்து. உங்க கையிலேர்ந்து வரல. காத்துலதான் வந்திருக்கு."

அவள் மெல்லக் கீழே உட்கார்ந்துகொண்டாள்.

அவள் கை சுத்தம் என்று ஆனதும், ஏழு நாட்டுக்காரர்களுக்கும் தங்கள் கணக்கையே சந்தேகப்படுவதைத் தவிர வேறு வழியில்லை. "மேல மங்கல்" என்ற வரியை ஒரு நாட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். அது புகையாக இருக்குமோ என்றார். இன்னொரு நாடு வானத்திலிருந்து எடுத்த படங்களில் தேடி, எங்கோ தொலைவில் எரிந்த காடு ஒன்றைக் கண்டுபிடித்தது. மூன்றாவது நாடு தன் பழைய காகிதங்களைத் தோண்டியது. முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் அதே காட்டில் அதே மருந்தைத் தெளித்த கணக்கு கிடைத்தது. கம்ப்யூட்டரில் அதுவரை காற்றைத் தாழ்வாகத்தான் ஓட்டியிருந்தார்கள். இப்போது புகையை உயரத்தில் விட்டு மறுபடி ஓட்டினார்கள்.

மேடம் படத்தைக் காட்டினாள். யாரோ அவிழ்த்துப் போட்ட ரிப்பன் மாதிரி ஒரு கோடு காட்டிலிருந்து கிளம்பியது. இரண்டு நாட்டைத் தாண்டியது, ஒரு கடலைத் தாண்டியது. யாரும் அதை நிறுத்தவில்லை, எங்கும் அது கீழே இறங்கவும் இல்லை. ஒன்பதாம் நாள் ஒரு புள்ளியைத் தொட்டது. அந்தப் புள்ளி அவளுடைய கூண்டு.

"அந்தக் காட்டுல மருந்தடிச்சப்போ எனக்குப் பத்து வயசு," என்றாள் அவள். அவள் படித்து, கல்யாணம் ஆகி, பதினோரு வருடம் படி ஏறிய காலமெல்லாம் அது அந்த மண்ணுக்குள் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிறது. பிறகு தீயோடு எழுந்து, ஒரு கடலைத் தாண்டி வந்து, உள்ளங்கை அகலப் பஞ்சுக்குள் ஒடுங்கியிருக்கிறது. அதைத்தான் அவள் கையில் வைத்துக்கொண்டு, முட்டி வலிக்கிறதே என்று முனகியபடி இறங்கி வந்திருக்கிறாள். திரையில் இருந்த புள்ளியைத் தொடப் போனவள், விரலைப் புடவையில் துடைத்துவிட்டுத் தொட்டாள்.

"ஒன்பதே நாள்ல வந்துருச்சா?" என்றார் கணவர். "நான் சொல்லிவிட்ட ஸ்பேர் பார்ட் இன்னும் வரல." குரலில் பழைய நக்கல் இல்லை.

அடுத்த மாதம் இரண்டு ஜாடி நாள் வந்தபோது அவரும் கிளம்பிவிட்டார். கிரீஸ் போக மூன்று தடவை கை கழுவச் சொல்லி, அதற்குப் பிறகுதான் வெத்து ஜாடியை அவரிடம் கொடுத்தாள். பிறந்த குழந்தையைத் தூக்குகிற மாதிரி அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, படிக்குப் படி நின்று நின்று ஏறினார்.

"அதுல ஒண்ணும் இல்லைங்க. சும்மா பிடிங்க."

"ஒண்ணும் இல்லாததாலதான் பயமா இருக்கு," என்றார்.

உச்சியில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்த்தார். வானத்தைத் தவிர அங்கே ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் நெடுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார், அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்தவர் மாதிரி மூச்சை மெல்ல மெல்ல விட்டபடி. அவள் ஜாடியை வாங்கித் திறந்தாள்.