பழைய நகரத்தில் மாப்பிள்ளையோடு ஒரு பகல்

மாமனாரும் மாப்பிள்ளையும் என்னென்ன பேசலாம் என்பதற்கு எங்கள் வீடுகளில் சட்டப் புத்தகம் எதுவும் கிடையாது. ஆனால் எல்லாருக்கும் தெரியும். வேலை எப்படிப் போகிறது, கார் நன்றாக ஓடுகிறதா, நெடுஞ்சாலையில் ஜாம் எப்படி, இவ்வளவுதான். அவர் என்னை மாமா என்பார். நான் அவரை வாங்க, போங்க என்பேன். மகளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து ஒரு தடவைகூட நான் அவர் முன்னால் கைலியோடு உட்கார்ந்ததில்லை. அவர் கார் வாசலில் நிற்கும் சத்தம் கேட்டால் உள்ளே ஓடிப்போய்க் கால்சட்டையை மாட்டிக்கொண்டு வருவேன். மனைவி சிரிப்பாள். மரியாதை என்றால் அப்படித்தான் என்று அவளுக்கே பாடம் எடுப்பேன்.

மாப்பிள்ளை கிள்ளான்காரர், எஞ்சினியர். ஜெர்மனியில் வேலை கிடைத்து மகளையும் அழைத்துக்கொண்டு போனார். அங்கே போன வருடம் டிசம்பர் தொடக்கத்தில் மகளுக்குக் குழந்தை பிறந்தது. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் தேடித் தேடி வாங்கிய பத்தியச் சாமான்களோடு மனைவி புறப்பட்டாள். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பெட்டி தூக்கத்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் உடம்பைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். கொஞ்ச காலமாக எனக்குப் ப்ராஸ்டேட் தொந்தரவு. சிறுநீர் வந்தால் அடக்க முடியாது, உடனே போயாக வேண்டும். குளிர் நாட்டில் இது இன்னும் படுத்தும் என்று கிளினிக் டாக்டர் எச்சரித்தார். மனைவி பெரியவர்களுக்கான டயப்பர் ஒரு கட்டு வாங்கிப் பெட்டியில் வைத்தாள். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து நான் அதை எடுத்து அலமாரிக்குள் திணித்துவிட்டு, அந்த இடத்தில் ஊறுகாய் பாட்டில்களை அடுக்கினேன். ஒரு ஆபீசையே அதட்டி வேலை வாங்கியவன், டயப்பர் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதா?

எங்கள் பிரிக்பீல்ட்ஸில் இது ஒரு பெரிய விஷயமே இல்லை. எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் நுழைந்து, “பாஸ், தண்டாஸ் எங்க?” என்று கழிப்பறைக்கு வழி கேட்டால் கல்லாவில் இருப்பவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பின்பக்கம் கை காட்டுவார். முகம் தெரியாதவரிடம் கேட்பதில் எனக்குக் கூச்சமே கிடையாது. தெரிந்தவரிடம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் சொன்னாள், “என்னங்க, அப்பாவ ஓல்ட் டவுனுக்குக் கூட்டிட்டுப் போங்க. கிறிஸ்துமஸ் பாசார் போட்டிருக்காங்க. வீட்டுலயே இருந்தா எல்லாத்தையும் குறை சொல்லிட்டே இருப்பாரு லா.” பொய்யில்லை. ஹீட்டர் சரியில்லை, ரொட்டி கல் மாதிரி இருக்கிறது என்று நான் ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

உள்ளே ஒரு கம்பளி உடுப்பு, அதன் மேல் கால்சட்டை, அதன் மேல் பழைய துணி விற்கும் பண்டல் கடையில் வாங்கிய ஜாக்கெட், கையுறை, குல்லா எல்லாம் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். போவதற்கு முன் கழிப்பறைக்குப் போய்விட்டுத்தான் வந்தேன். டிராமில் இருந்து இறங்கிக் கோட்டை வாசலைத் தாண்டியதும் உண்மையிலேயே வாயடைத்துப் போனேன். மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் வீடுகள், ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு நின்றன. கூரைகளில் பனி. தெரு முழுக்கக் கருங்கல் பாவியிருந்தார்கள். அதில் என் சப்பாத்து வழுக்கியது. மாப்பிள்ளை என் முழங்கையைப் பிடிக்கக் கை நீட்டுவதும், மரியாதைக்காகத் தயங்கித் திரும்ப எடுத்துக்கொள்வதுமாகக் கூடவே வந்தார். சதுக்கத்தில் மரக்கடைகள் வரிசையாக இருந்தன. வறுத்த பாதாம், இஞ்சி ரொட்டி, மரப்பொம்மை, சுடச்சுடத் தொத்திறைச்சி. தேவாலயப் படிகளில் நின்று சிலர் குழல் ஊதினார்கள். ஊருக்குப் போனதும் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டே நடந்தேன்.

சிறுநீர் முட்டும் முதல் உணர்ச்சி அங்கேயே வந்துவிட்டது. நகரமன்றப் படிக்கட்டுக்குக் கீழே கழிப்பறை என்று போர்டு இருந்தது. வாசலில் வரிசை. மாப்பிள்ளை என்னைப் பார்த்து, “மாமா, டாய்லெட் போணுமா?” என்று கேட்டார்.

“சே சே. இப்பத்தான வீட்டுல போனேன்,” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இந்த ஒரு கேள்வியை எனக்கு நானே எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று தெரியாது. மாப்பிள்ளை பக்கத்தில் நிற்க, அந்த வரிசையில் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பது எனக்குப் பெரிய தலைகுனிவாகப் பட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு காபிக் கடை வந்தது. “உள்ள போயி உக்காரலாமா மாமா?” என்றார். அவர் எதற்குக் கேட்கிறார் என்று புரிந்தே, “எனக்குக் குளிரல, நீங்க வேணும்னா உக்காருங்க,” என்று கெத்தாகச் சொன்னேன். ஞாயிறு என்பதால் மற்றக் கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன.

சதுக்கத்துக்குத் திரும்பியபோது பெரிய கூட்டம். நகரமன்றக் கடிகாரத்தில் உச்சிவேளைக்கு ராஜா பொம்மையும் மந்திரி பொம்மைகளும் வெளியே வந்து சுற்றுமாம். அதைப் பார்க்கத்தான் எல்லாரும் அண்ணாந்து நின்றார்கள். மாப்பிள்ளை இரண்டு பீங்கான் குவளைகளோடு வந்தார். அந்தக் கடையில் எல்லாரும் சூடாக்கிய ஒயின்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவரும் குடிப்பவர்தான், மகள் சொல்லியிருக்கிறாள். எனக்கும் ஒரு வாய் குடித்தால் தேவலை போலத்தான் இருந்தது. ஆனால் மாமனார் முன்னால் அவர் குடிக்க மாட்டார், மாப்பிள்ளை முன்னால் நான் கேட்க மாட்டேன். அதனால் இரண்டு பெரிய ஆம்பளைகளும் குழந்தைகளுக்கு விற்கிற சூடான சிவப்புப் பழரசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம்.

மணி அடித்தது. முன்னும் பின்னும் ஆட்கள் நெருக்கினார்கள். அசைய இடமில்லை. ராஜா பொம்மை வெளியே வந்தது. எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அப்போதுதான் என்னால் முடியாமல் போனது.

முதலில் சூடு. அந்தக் குளிரில் அந்தச் சூடு ஒரு கணம் சுகமாகக்கூட இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் அது தொடையில் இறங்கி, முழங்காலில் இறங்கி, சப்பாத்துக்குள் போனது. யாரும் பார்க்கவில்லை. ஆனால் பொம்மை உள்ளே போனதும் கூட்டம் கலையும், மாப்பிள்ளை திரும்புவார், பார்ப்பார்.

நான் குவளையைச் சாய்த்தேன். முழுசாக, இடுப்புக்குக் கீழே, என் மேலேயே ஊற்றிக்கொண்டேன். சுட்டது. சுடட்டும் என்றுதான் நினைத்தேன்.

“ஐயோ மாமா!” மாப்பிள்ளை பதறினார். “சுட்டுருச்சா? நல்லா சுட்டுருச்சா?”

“கை வழுக்கிடுச்சு. கிளவுஸ் லா,” என்றேன். எனக்கு லா போட்டுப் பேசும் பழக்கமில்லை. பதற்றத்தில் வந்தது.

அவர் டிஷ்யூவை எடுத்து, பனியில் மண்டியிட்டு என் கால்சட்டையைத் துடைக்க ஆரம்பித்தார். நான் விலகப் பார்த்தேன், கூட்டம் விடவில்லை. வலது தொடையில் சிவப்பாக இருந்ததைத் துடைத்தார். இடது கால் பக்கம் வந்ததும் அவர் கை நின்றது. அந்தக் காலில் ஈரம் இருந்தது, சிவப்பு இல்லை. வாடை வேறு. ஒரு மூச்சு நேரம்தான் நின்றிருக்கும். பிறகு அந்தக் காலையும் துடைத்தார், சப்பாத்து வரைக்கும். கல்யாணத்தில் பாதபூஜை செய்தபோது அவர் என் காலைத் தொட்டிருக்கிறார். அன்று மேளம் கொட்டியது, நான் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். இன்று குனிந்து அவர் தலையைப் பார்க்கக்கூட எனக்குத் தைரியமில்லை.

எழுந்தவர் தன் நீளக் கோட்டைக் கழற்றி என் மேல் போர்த்திப் பட்டன் போட்டுவிட்டார். முழங்காலுக்குக் கீழே வரைக்கும் மறைந்தது. அவர் வெறும் ஸ்வெட்டரோடு நின்றார். “நான் தினம் ஓடுறவன் மாமா, குளிராது,” என்றார். உதடு நீலம் பூத்திருந்தது. டிராமில் இடம் இருந்தது. உட்காரச் சொன்னார், வேண்டாம் என்றேன். சீட்டு நனைந்துவிடும். அவர் இரண்டாம் முறை சொல்லவில்லை. எனக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் வீடு வரும் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.

கதவைத் திறந்தது மகள், தோளில் குழந்தையோடு. பின்னால் மனைவி. என் கோலத்தைப் பார்த்து, “என்னாச்சுப்பா?” என்றாள். கை வழுக்கிவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டார்.

“என் தப்புதான். திரும்புறப்ப கை தட்டி, என் கப்பு அப்படியே மாமா மேல கொட்டிருச்சு.”

மகள் பச்சை உடம்புக்காரி, பல நாள் தூக்கமில்லாதவள். வெடித்துவிட்டாள். “என்னங்க நீங்க! சூடா இருக்கிறத வயசானவரு பக்கத்துல வச்சிக்கிட்டு எங்க பார்த்துட்டு இருந்தீங்க? கொப்புளம் வந்தா இங்க டாக்டர் பார்க்கிறது எவ்ளோ சுசா தெரியுமா? லேசுல கிடைக்க மாட்டாங்க.”

“சாரி லா. கவனிக்கல,” என்றார் அவர்.

நான் நேராகக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே மனைவி, “சிலுவார கழட்டிக் குடுங்க, அலசிப் போடுறேன்,” என்று கதவைத் தட்டினாள். “நீங்க தொடாதீங்க அத்தை, நான்தான ஊத்தினேன், நானே பார்த்துக்கிறேன்,” என்று மாப்பிள்ளை குரல் கேட்டது. கதவிடுக்கில் கால்சட்டையை வாங்கிக்கொண்டு போய்க் கீழ்த்தளத்து மெஷினில் போட்டுவிட்டு வந்தார். உள்ளே நின்று யோசித்தபோதுதான் எல்லாம் புரிந்தது. நானே கொட்டிக்கொண்டேன் என்றால் மனைவி உடனே கண்டுபிடித்திருப்பாள், அவளுக்கு என் தொந்தரவு தெரியும். அவர் கொட்டினார் என்றால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். வெளியே மகளின் திட்டு இன்னும் ஓயவில்லை. கதவைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் குழாயைத் திறந்துவிட்டேன், சத்தம் கேட்காமல் இருக்க.

நன்றி வந்திருக்க வேண்டும் எனக்கு. வந்தது கோபம். அவர் இவ்வளவு நல்லவராக இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த ஊரில் இருந்த மிச்ச நாட்களில் அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். ரொட்டியை விட்டுவிட்டு அவர் கார் ஓட்டுவதைக் குறை சொன்னேன். அவரோ அதற்கப்புறம் எங்கே போனாலும், “மாமா, எனக்கு அவசரமா டாய்லெட் போணும், தனியா போக ஒரு மாதிரி இருக்கு, கொஞ்சம் வாங்களேன்,” என்று கூப்பிடுவார். நானும் அவருக்கு ஏதோ உதவி செய்கிற மாதிரி அலுத்துக்கொண்டே கூடப் போவேன்.

ஊர் திரும்பியதும் மனைவி இந்தக் கதையைப் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கச் சொல்லிவிட்டாள். கெட்ட எண்ணத்தில் இல்லை. அவளுக்கு அது நல்ல தமாஷ். கோயிலில், பூக்கடையில், செந்தூலில் அவள் தங்கை வீட்டில் எல்லாம், “மாப்பிள்ளை மாமனாருக்கு அபிஷேகமே பண்ணிட்டாரு,” என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். போகப் போக, எவ்வளவு சுட்டது என்று நானே நடித்துக் காட்டவும் ஆரம்பித்துவிட்டேன்.

இந்த வருடம் குழந்தைக்குக் காது குத்த வந்தார்கள். கிள்ளானில், மாப்பிள்ளை வீட்டார் எடுத்திருந்த மண்டபத்தில் விருந்து. மாப்பிள்ளையே வாளியும் கரண்டியுமாகப் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார். நான் இலையில் உட்கார்ந்திருந்தேன். அவர் ரசத்தோடு என் பக்கம் வந்ததும் மனைவியின் தங்கை சத்தமாக, “அத்தான், தள்ளி உக்காருங்க, மறுபடியும் ஊத்திடப் போறாரு!” என்றாள். வரிசை முழுக்கச் சிரிப்பு. மாப்பிள்ளையும் சிரித்தார்.

அவர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு இந்தக் கதை அன்றுவரை தெரியாது போலும். பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்தார். முகம் மாறிவிட்டது. சின்ன வயதிலேயே புருஷனை இழந்து, இந்த ஒரே பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர். எழுந்து என் இலைக்கு எதிரே வந்து இரண்டு கையையும் கூப்பினார்.

“மன்னிச்சிருங்க சம்பந்தி. எனக்கு யாருமே சொல்லல. சின்னதுலேர்ந்தே இவனுக்குக் கை நிக்காது. நான்தான் சரியா வளர்க்கல.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், மனைவி, மகள், எல்லாரும். மாப்பிள்ளை பக்கத்து இலைக்குக் குனிந்திருந்தார். சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று எனக்குள் ஒரு குரல் கேட்டது. அந்த அம்மாள் கூப்பிய கையை இறக்காமலே நின்றார்.

“அட, அதெல்லாம் நான் அப்பவே மன்னிச்சிட்டேம்மா,” என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பெரிய மனசு உங்களுக்கு,” என்றார். மகனைத் திரும்பிப் பார்த்து, “கேட்டியாடா? மாமா மன்னிச்சிட்டாராம்,” என்றார்.

மாப்பிள்ளை கரண்டியோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகத்தில் கிண்டல் துளியும் இல்லை.

“தேங்க்ஸ் மாமா,” என்றார்.