ஒரு கீறல்கூட இல்லாத கிளவுஸ்

உலகத்திலேயே பத்திரமான பைக் கிளவுஸ் என் மச்சினன் வீட்டு பீரோவில் இருக்கிறது. போன மாதம் ஒரு விபத்துக்குப் போய்விட்டு வந்தது. ஒரு கீறல் கிடையாது. தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை. விலைச்சீட்டு அப்படியே தொங்குகிறது.

கைதான் போச்சு.

ஆளை முதலில் சொல்லிவிடுகிறேன். செல்வின், என் மனைவியின் தம்பி. வயது நாற்பத்தி நாலு. மிஷன் பள்ளிக்கூடத்தில் மியூசிக் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு. அவனுக்குப் பிழைப்பே அந்தப் பத்து விரல்தான்.

என் மகள் ஷைனிக்கு ஆறு வயதிருக்கும்போதே ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். அவள் கல்யாணத்தன்று சர்ச்சுக்குள் நடந்து வரும்போது மாமாதான் வாசிப்பேன் என்று. அதற்காகவே சொந்தமாக ஒரு மெட்டுப் போட்டு வைத்திருந்தான். வேறு எங்கேயும் வாசிக்க மாட்டான். என்ன கெஞ்சினாலும் சரி... 'அன்னைக்கு வந்து கேளுங்க' என்பான்.

இந்த வருடம் கல்யாணத் தேதி குறித்தோம். அதே வாரம் பார்த்து அவனுக்கு பைக் ஆசை வந்தது. செகண்ட் ஹேண்டில் ஒரு பெரிய பைக். பெட்ரோல் டேங்க் மேல் குப்புறப் படுத்து ஓட்டுகிற ரகம். அதோடு விட்டானா? கோயம்புத்தூர்ப் பக்கம் ரேஸ் ட்ராக்கில் ஒரு நாள் நம்மையும் ஓட்ட விடுவார்களாம். கல்யாணம் முடிந்த மறுவாரத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டான். நாற்பது தாண்டினால் ஆம்பிளைக்கு ஒன்று சர்க்கரை வரும், இல்லை பைக் ஆசை வரும். இவனுக்கு இரண்டும் வந்தது.

ஷைனி தடுக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"எங்க வேணா ஓட்டுங்க மாமா. ஆனா அந்தக் கைக்கு முதல்ல நல்லதா ஒரு கிளவுஸ் வாங்கிருங்க."

பைபாஸ் ரோட்டில் ஒரு கடைக்குப் போனோம். பேரம் பேச நான். கடைக்காரருக்கு முப்பது வயதிருக்கும். முழங்கையில் நீளமாக ஒரு தழும்பு. பைக் சாமான் விற்கிறவருக்கு அதைவிட நல்ல சர்டிஃபிகேட் வேண்டுமா என்ன?

செல்வின் கேட்ட முதல் கேள்வி: "இதப் போட்டுக்கிட்டு வாட்ஸ்அப் பாக்கலாமா?"

இரண்டாவது: "பைக் கலர்லயே கிடைக்குமா?"

பாதுகாப்பு என்ற பேச்சே வரவில்லை. கடைக்காரர் பொறுமைசாலி.

"அண்ணே, கீழ விழுந்தா முதல்ல எத ஊண்டுவீங்க? உள்ளங்கையத்தான? அப்ப இங்க பாருங்க."

உள்ளங்கையின் அடிப்பக்கம் வழவழவென்று ஒரு கெட்டியான பட்டை. கை ரோட்டில் சிக்கி நின்றால் மணிக்கட்டு முறியுமாம். வழுக்கிக்கொண்டு போனால் தப்பிக்குமாம். விரல் முட்டிகளுக்குத் தனிக் கவசம். சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும் சேர்த்துப் பிடிக்க ஒரு சின்னத் தோல் துண்டு. விழும்போது சுண்டுவிரல் தனியாக மாட்டி மடங்கிவிடக் கூடாது என்பதற்காக. அப்புறம் மணிக்கட்டுப் பட்டையை இறுக்கிவிட்டு என்னை இழுக்கச் சொன்னார். இழுத்தேன். கிளவுஸ் வரவில்லை. செல்வின்தான் வந்தான்.

"விழுகையில கழண்டு போச்சுன்னா அது கிளவுஸே இல்லண்ணே."

செல்வின் ஒரு சைஸ் பெரிதாகக் கேட்டான், தீபாவளிக்கு வளர்கிற பிள்ளைக்குச் சட்டை எடுப்பதுபோல. "இனி உங்க கை வளராதுண்ணே" என்று சொல்லி அளவானதையே மாட்டிவிட்டார் அந்த மனுஷன்.

கடைசியில் இரண்டு ஜோடி எடுத்து வைத்தார். ஒன்று குட்டை, காற்று போகிற வலைத்துணியில். நம்ம வெயிலுக்குத் தெருவில் போட. இன்னொன்று முழுத் தோல், மணிக்கட்டைத் தாண்டி மூடுகிற நீளம். அது ட்ராக்குக்கு.

"ரெண்டும் வேற வேற வேலைண்ணே. ஒண்ணுதான் எடுப்பேன்னா தெருவுக்கு உள்ளத எடுங்க. அதுதான் தினம் வேணும்."

செல்வின் சிரித்தான். "தெருவுல நான் முப்பதத் தாண்டுறதே இல்ல தம்பி. ட்ராக்குலதான் நூத்தி நாப்பது."

"ட்ராக்குல எதுத்தாப்புல ஷேர் ஆட்டோ வருமா? குறுக்க மாடு வருமா? விழுந்தாலும் ஆம்புலன்ஸ் ரெடியா நிக்கும். நம்ம செல்லூர்த் தெருவுல உங்களுக்கு எதுண்ணே நிக்கும்?"

நியாயமான கேள்வி. ஆனால் பக்கத்தில் அறிவாளி ஒருவன் நின்றுகொண்டிருந்தேனே... "மாப்ள, எதுக்கு ரெண்டு? பெருசையே எடு. அதையே ரெண்டுக்கும் போட்டுக்க" என்றேன். எடுத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பைக் சாவியோடு கிளவுஸையும் பாஸ்டரிடம் கொடுத்து ஜெபம் பண்ணி வாங்கினோம். "இந்தக் கையுறைகளை அணிந்துகொள்ளும் கரங்களுக்கு ஒரு சேதமும் வராமல் காத்தருளும்" என்று உருக்கமாக ஜெபித்தார். அணிந்துகொள்ளும் கரங்களுக்கு! பாஸ்டர் தெளிவாகத்தான் கேட்டிருக்கிறார். பின்னால் நடந்ததற்கு மேலே இருப்பவரைக் குறை சொல்ல வழியே இல்லை.

வீட்டுக்குப் போன கிளவுஸ் நேரே பீரோவுக்குள் போனது. அட்டைப் பெட்டி, அதற்கு மேல் பாலிதீன் பை. நாலு நாள் கழித்து வெறுங்கையோடு என் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினான்.

"எங்கடா கிளவுஸு?"

"இம்புட்டு வெல குடுத்து வாங்கிட்டு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் போட்டுட்டுப் போயி அழுக்காக்கவா மச்சான்? ட்ராக்குல வச்சுத்தான் புதுசு பிரிக்கணும்."

எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நான் மறுத்துப் பேச? என் வீட்டு சோபாவின் பாலிதீன் உறைக்கு இந்த வருடத்தோடு நாலு வயது. உட்கார்ந்து எழுந்தால் தொடைச் சதை கொஞ்சம் அதிலேயே தங்கிவிடும். டி.வி. ரிமோட்டுக்குச் சட்டை. அந்தச் சட்டை அழுக்காகாமலிருக்க அதற்கு மேல் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கவர். நாமெல்லாம் பொருளைக் காப்பாற்றவே பிறந்த ஜனங்கள் சார். பொருள் நம்மைக் காப்பாற்றும் என்றால் நமக்குச் சிரிப்புத்தான் வரும்.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. விருந்துக்கு வெற்றிலை சொல்லிவிட்டு வருகிறேன் என்று செல்வின் சோழவந்தானுக்குக் கிளம்பினான். அங்கே வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற அவன் சிநேகிதரிடம் காட்ட வேண்டுமாம் — கிளவுஸைப் பெட்டியோடு தோள்பையில் வைத்து எடுத்துப் போனான்.

வழியில் ரோட்டை அடைத்து உளுந்துச் செடி பரப்பியிருந்தார்கள். போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறி மிதித்தால் உளுந்து தானாக உதிரும். ஆள்கூலி மிச்சம். எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடுதான். செல்வின் அதன் மேல் பிரேக் பிடித்தான்.

உள்ளங்கை இரண்டிலும் தோல் இல்லை. வலது சுண்டுவிரல் தனியாக மாட்டி, மடங்கி, முறிந்தது. கடைக்காரர் காட்டிய அந்தச் சின்னத் தோல் துண்டு தோள்பைக்குள் சௌக்கியமாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டிலில் கிடந்தவன் என்னைப் பார்த்ததும் கேட்டது இதுதான்.

"மச்சான், தோள்பைக்குள்ள கிளவுஸு நசுங்கிருச்சான்னு கொஞ்சம் பாருங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இன்னொரு கையையும் நானே முறித்திருப்பேன். "முப்பதுலதான் போனேன்" என்று வேறு பெருமையாகச் சொன்னான்.

ஷைனி வந்தாள். மாவுக்கட்டைப் பார்த்தாள். அதுவரை வாயடித்துக்கொண்டிருந்தவன் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"வேற யாரையாச்சும் வச்சு வாசிச்சுரலாமாடா?" என்று நான்தான் அவளிடம் கேட்டேன்.

"மாமா வாசிக்கலைன்னா பாட்டே வேணாம். நான் சும்மாவே நடந்து வாரேன்."

அவன் விசும்பி அழுதான். இத்தனை வருடத்தில் அவன் அழுது நான் பார்த்ததில்லை. 'பெருசையே எடு' என்று நான் சொன்ன வார்த்தை எனக்கே காதில் கேட்டது. வீட்டுக்கு வந்ததும் அந்த சோபா உறையைக் கிழித்துப் போடலாம் என்று கை வைத்தேன். என் மனைவி பாய்ந்து வந்து பிடித்துக்கொண்டாள். "கல்யாணத்துக்கு அம்புட்டுப் பேரு வந்து உக்காருவாங்க. முடியட்டுங்க." உறை இன்னும் இருக்கிறது.

போன வியாழக்கிழமை கல்யாணம். சர்ச் வாசலில் நானும் மகளும் நின்றோம். உள்ளே கீபோர்டு முன்னால் செல்வின், வலது கை கழுத்துத் தூளியில். பத்து விரலுக்குப் போட்ட மெட்டை இடது கைக்கு மாற்றி, புதுத் தோல் இழுக்க இழுக்க, இடது கைக் கட்டுப் பிரித்த நாளிலிருந்து பழகியிருக்கிறான். ஒவ்வொரு ஸ்வரமாக மெதுவாக வந்தது. பாதி வழியில் ஒரு இடத்தில் விரல் எட்டாமல் நின்றுவிட்டான். ஷைனி என் கையை அழுத்தி நிறுத்தினாள். நாங்களும் நின்றோம். அடுத்த ஸ்வரம் வந்த பிறகுதான் அவள் அடுத்த அடி எடுத்து வைத்தாள். எனக்குக் கண் தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அந்தக் கையில் முழங்கை வரைக்கும் வெள்ளை லேஸ் கிளவுஸ். அதைப் போட வேண்டிய நேரத்தில் போட்ட ஒரே ஆள், எங்கள் குடும்பத்தில் அவள்தான்.