மியோத்ராக் மாற்றிய பேட்டரி

மலைநாட்டு உஷித்சே ஊரில் கார் கிளம்பவில்லை என்றால் எல்லோரும் மியோத்ராக்கிடம்தான் போவார்கள். முப்பத்தொரு வருஷமாகக் கார் ஒயரிங் வேலை. சாவியைத் திருகும் சத்தத்திலேயே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். வாயிலிருந்து வந்துவிட்டால் அது சரியாகத்தான் இருக்கும் என்று அவருக்கே ஒரு நினைப்பு. மனுஷனை அந்த நினைப்புதான் கவிழ்த்தது.

டிசம்பரில், குடும்பத்தைக் காக்கும் புனிதருக்கு வீட்டில் எடுக்கும் ஸ்லாவா திருநாள் விருந்துக்கு மகள் யாசென்காவும் மாப்பிள்ளை லூபிஷாவும் இரண்டு நாள் முன்பே வந்துவிட்டார்கள். லூபிஷா சமவெளிக்காரன், பூகோள வாத்தியார். காரில் ரேடியோவைத் தானே பொருத்தியிருந்தான். குளிருக்குப் பயந்து ஊரே செய்வதுபோல, ராத்திரி பேட்டரியைக் கழற்றிச் சமையலறை அடுப்போரம் வைத்தான்.

காலையில் பேட்டரியை மாட்டினான், கார் கிளம்பவில்லை. மியோத்ராக் பேட்டரியை மறுபடி உள்ளே கொண்டுவரச் சொன்னார். காப்பி குடித்து முடித்து, அடுப்போரத்திலேயே மீட்டரை வைத்துப் பார்த்தார். முள் நன்றாக ஏறி நின்றது.

"பேட்டரி கல்லு மாதிரி இருக்கு. எல்லாம் உங்க ரேடியோ பண்ற வேலை மாப்ளே! ராவெல்லாம் கரண்டைக் குடிச்சிருக்கு. மலை, ஆறுன்னு பாடம் நடத்தறவருக்கு ஒயர்ல என்ன ஜோலி?"

வேலியோரம் நின்ற பக்கத்து வீட்டு ராதோமிர் விழுந்து விழுந்து சிரித்தான். "வாத்தியாரே, மாமனார்கிட்ட முட்டி போடுங்க!"

லூபிஷாவின் காது சிவந்துவிட்டது. யாசென்கா புருஷனைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். மியோத்ராக் எல்லோர் முன்னாலும் ரேடியோவைப் பிடுங்கிப் போட்டார்.

பிறகு பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருகினார். டக், டக், டக். முன்விளக்கு அணையப்போகும் தீக்குச்சியாக மங்கியது.

அவருக்குப் புரிந்துவிட்டது. நேற்று தொழிலுக்கு வந்தவன்கூடச் சொல்வான், பேட்டரி செத்துவிட்டதென்று. அடுப்புச் சூட்டில், சும்மா இருக்கும்போது மீட்டர் நல்லதாகத்தான் காட்டும். குளிரில் இன்ஜினைச் சுற்றச் சொன்னால்தான் குட்டு வெளிப்படும். அதைவிட அசிங்கம், ராத்திரி முழுக்கப் பேட்டரி சமையலறையில் கிடந்தது. காரில் இருந்த ரேடியோ அதை எப்படிக் குடிக்கும்? அப்போதே சொல்லியிருக்கலாம். ராதோமிர் இன்னும் வேலியோரம் நின்றான். "ஸ்டார்ட்டரும் போயிருக்கு. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லி நழுவினார்.

ஸ்லாவா அன்று விடியும்போது, திருடன் மாதிரி தன் காரின் பேட்டரியை எடுத்து மாப்பிள்ளை காரில் போட்டார். ஒரே திருகில் கிளம்பியது. எல்லோரும் எழுந்து வந்ததும், "ஒயரிங்கை ஒழுங்கு பண்ணிட்டேன்" என்றார். யாரும் சந்தேகப்பட்டதாகத் தெரியவில்லை. அதுதான் அவருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

மத்தியானம் வீடு நிறைந்துவிட்டது. மெழுகுவர்த்தி, வேகவைத்த கோதுமை, மீன். விருந்தாளிகள் உட்கார்ந்திருக்க, வழக்கப்படி வீட்டுக்காரர் நின்றபடியே எல்லோருக்கும் ஒயின் ஊற்றிக்கொண்டிருந்தார். லூபிஷா கோப்பையோடு எழுந்தான்.

"எல்லார் முன்னாடியும் சொல்றேன். தெரியாத வேலையில கை வெச்சு மாமாவுக்குச் சிரமம் குடுத்துட்டேன். இனிமே ஒயரைத் தொட மாட்டேன். மன்னிச்சுக்குங்க மாமா."

"அப்படிச் சொல்லுங்க!" என்று ராதோமிர் மேசையைத் தட்டினான்.

மியோத்ராக் ஊற்றுவதை நிறுத்தினார். அந்த நிமிஷம் தன்னைப்போல ஒரு அற்பன் உலகத்தில் இல்லை என்று தோன்றியது.

"உக்காருங்க மாப்ளே. உங்க ஒயர்ல ஒரு தப்பும் இல்ல. பேட்டரிதான் செத்துப் போச்சு. நேத்தே எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரல. காலையில என் பேட்டரியை எடுத்து உங்க வண்டியில போட்டேன்."

ராதோமிரின் சிரிப்பு நின்றது. யாரும் மீனைத் தொடவில்லை.

"தெரியும் மாமா," என்றான் லூபிஷா, மெதுவாக. "காப்பி போட வந்தப்ப ஜன்னல்ல பாத்தேன்."

"பாத்துட்டுமா மன்னிப்புக் கேட்டீங்க?"

"இன்னிக்கு உங்க வீட்டு விசேஷம். ஒருத்தர் தலை குனியணும்னா அது நானா இருந்துட்டுப் போறேன்னு நினைச்சேன்."

மியோத்ராக்குக்கு எங்காவது உட்கார்ந்து முகத்தை மூடிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஸ்லாவா நாளில் வீட்டுக்காரர் உட்காரக் கூடாது. மாப்பிள்ளையின் கோப்பையில் ஊற்றிவிட்டு, அத்தனை பேர் பார்க்க அங்கேயே நின்றார்.