இன்கா மலையை வலமாகச் சுற்றியது

ஆட்களை ஊரிலிருந்து கூட்டிப்போய், காட்ட வேண்டியதைக் காட்டி, தலை குறையாமல் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது என் தொழில். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். நீங்களும் ஒரு முறையாவது சொந்தக்காரர்களோடு வேனில் கோயில் குளம் என்று போயிருப்பீர்கள். ஒருவருக்கு ஜன்னல் சீட் வேண்டும், ஒருவருக்குக் காற்று ஆகாது, ஒருவர் டீக்கடையைக் கண்டாலே வண்டியை நிறுத்தச் சொல்வார். நீங்கள் வருஷத்துக்கு ஒரு தடவை பட்டதை நான் வருஷம் முழுக்கப் படுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடி அறையில் என் ஆபீஸ். தொண்ணூறுகளில் காசி, கயா, ஷீரடி என்று ஓடியது. இரண்டாயிரத்துக்குப் பிறகு சிங்கப்பூர், மலேசியா. ஒரே ஒரு முறை உலகத்தின் மறுகோடிக்கு, தென் அமெரிக்காவில் இருக்கிற பெரு நாட்டுக்குப் போனோம். அந்தப் பயணத்தை மட்டும் சொல்கிறேன்.

பேப்பரில் வந்த படம்

எல்லாவற்றுக்கும் காரணம் ஏகாம்பரம் சார். வேங்கிக்காலில் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் பேப்பரில் வந்த படத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்து என் மேஜை மேல் வைத்தார். ஒரு மலைச்சரிவு முழுக்கக் கல் அடுக்கிக் கட்டிய படிக்கட்டு வயல்கள், அவற்றுக்கு இடையில் கல் வாய்க்கால், வாய்க்காலில் தண்ணீர். இன்கா ராஜ்ஜியத்து ஜனங்கள் கட்டியது, ராஜா போய் ராஜ்ஜியம் போய்த் தண்ணீர் மட்டும் இன்னும் ஓடுகிறது என்று கீழே எழுதியிருந்தது. சாவதற்குள் இதைப் பார்க்க வேண்டும் என்றார். நான் செலவைச் சொன்னேன், தூரத்தைச் சொன்னேன், நெஞ்சுவலி வந்து பிழைத்தவர் அத்தனை உயரம் ஏறலாமா என்று கேட்டேன். டாக்டர் மெதுவாக நடந்தால் போதும் என்றுவிட்டார் என்று அடுத்த வாரமே வந்து நின்றார். தனியாகப் போனால் செலவு ஜாஸ்தி என்றேன். காலையில் தன்னோடு நடக்கிறவர்களை எல்லாம் பேசிப் பேசியே கரைத்து ஒரு கூட்டம் சேர்த்துவிட்டார்.

அதில் ஒருவர் கீழ்பென்னாத்தூரில் கடலை மண்டி வைத்திருக்கும் மணி. வேலூரைத் தாண்டி வடக்கே போகாத மனிதர். உங்களுக்கு எதற்கய்யா பெரு என்று கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "காசிக்குப் போனா புடிச்ச பண்டத்துல ஒண்ண விட்டுட்டு வரணும்பாங்க. அங்க போனா எதையும் விட வேணாம் இல்ல?"

டிக்கெட் போட்ட பிறகு வந்த பௌர்ணமி

ஏகாம்பரம் சாரின் மனைவி விசாலாட்சி அம்மா அதுவரை என் ஆபீஸ் மாடிப்படி ஏறியவர் இல்லை. டிக்கெட் கைக்கு வந்த மறுநாள் தனியாக வந்தார். மூச்சு வாங்க உட்கார்ந்து, தண்ணீர் கூட வேண்டாம் என்றுவிட்டு, பௌர்ணமிக்கு முன்னால் ஊர் திரும்பிவிடலாமா என்று கேட்டார். நான் நாட்காட்டியைப் பார்த்தேன். பௌர்ணமி சரியாகப் பயணத்தின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது. நம் ஊரில் இருந்துகொண்டு இதைப் பார்க்காமல் டிக்கெட் போட்டது என் புத்தி.

ஒரு மாதம் கிரிவலம் போகாவிட்டால் என்னம்மா, திரும்பி வந்து சுற்றிக்கொள்ளலாம் என்றேன். அந்த அம்மா வாசல் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு விஷயத்தைச் சொன்னார். கணவர் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஆளை எழுப்பிக் கொடுத்தால் ஒவ்வொரு பௌர்ணமியும் மலையைச் சுற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டாராம். மழையிலும் காய்ச்சலிலும் ஒன்றைக்கூட விட்டதில்லை. கணவரிடம் இதைச் சொல்லவில்லை. அவரோ இதையெல்லாம் நம்பாதவர். உனக்குச் சர்க்கரை, மாதத்துக்கு ஒரு வாக்கிங் நல்லதுதான் என்று கிண்டல் செய்வாராம்.

அப்படியானால் நீங்கள் வராமல் இருந்துவிடுங்களேன் என்று தயங்கிக்கொண்டே சொன்னேன். டிக்கெட் பணம் போனாலும் போகட்டும் என்றுதான் எனக்கும் பட்டது. அதற்கு அவர் சொன்ன பதில்: "அவரு இருக்கற எடத்துல நான் இருக்கணும். நான் இருக்கற எடத்துல வேண்டுதல் நடக்கணும். ரெண்டுக்கும் சேத்து நீங்கதான் வழி பாக்கணும் தம்பி."

வேகாத சோறு

குஸ்கோ என்ற ஊரில் இறங்கியதும் எல்லோருக்கும் தலை கனத்தது. அத்தனை உயரத்தில் காற்று கம்மி. இரண்டு படி ஏறினால் நின்று மூச்சு வாங்க வேண்டும். ஏகாம்பரம் சார் வாயை மூடிக்கொண்டு நடந்தார், அவர் பின்னாலேயே அம்மா அவர் முதுகைப் பார்த்தபடி நடந்தார். அந்த முதுகு ஏறி இறங்குவதை அவர் எண்ணிக்கொண்டே வந்தார் என்று எனக்குத் தோன்றியது. எனக்கும் பயம்தான்.

ரசப்பொடி, அப்பளம், ஊறுகாய் எல்லாம் பெட்டியில் கொண்டுபோயிருந்தோம். தங்கிய விடுதியில் கெஞ்சிக் கேட்டு அடுப்பு வாங்கி, அவர்கள் கொடுத்த பெரிய பாத்திரத்தில் அரிசியைப் போட்டேன். தண்ணீர் தளதளவென்று கொதித்தது, அரிசி கல்லாகவே இருந்தது. அந்த உயரத்தில் தண்ணீர் சூடு ஏறும் முன்பே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் ஒன்றும் வேகாது என்று விடுதிக்காரம்மா சொன்னபோது பந்தியில் எல்லோரும் உட்கார்ந்தாகிவிட்டது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் இன்னும் சங்கடம். கடலை மண்டி மணி ஒரு வாய் மென்று பார்த்துவிட்டு, தட்டைத் தள்ளாமல் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "விட வேணாம்னு வந்தேன். இப்ப சோத்தயே விட்டுட்டு வரணும் போல இருக்குது."

நிலா இல்லாத பௌர்ணமி

படிக்கட்டு வயல் இருக்கும் மலைக்குப் போவது பௌர்ணமி அன்று என்று நானே ஏற்பாட்டை மாற்றி வைத்திருந்தேன். அங்கே ஒரு மலை இருக்கிறது, அதை அம்மா ராத்திரி சுற்றிக்கொள்ளட்டும் என்பது என் கணக்கு. எங்கள் வழிகாட்டி லூயிஸ் என்ற இளைஞன். அவனிடம் சொன்னதும் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டான். சாயங்காலத்தோடு கதவைச் சாத்திவிடுவார்களாம், ராத்திரி ஈ காக்கை உள்ளே போக முடியாதாம்.

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று விடியும்வரை புரண்டேன். காலையில் ஊருக்குப் போன் செய்தேன். என் மனைவி எடுத்தாள். பின்னால் ஒரே இரைச்சல். ஜனம் ஆரம்பித்துவிட்டது, நானும் கிளம்பிப் பாதிச் சுற்று வந்து அடி அண்ணாமலை கிட்ட போய்க்கொண்டிருக்கிறேன் என்றாள். அப்போதுதான் உறைத்தது. எங்களுக்குக் காலை என்றால் ஊரில் சாயங்காலம் தாண்டிவிட்டது. அங்கே பௌர்ணமி பிறந்து ஜனங்கள் மலையைச் சுற்றுகிற நேரம், இங்கே வெயில் அடிக்கும் பகல். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். நிலாவே இல்லாமல் என்ன பௌர்ணமி என்று கேட்பாரோ என்று பயந்தேன். அவர் செருப்பைக் கழற்றி அறை மூலையில் வைத்துவிட்டு வந்து சொன்னார்: "நெலா நம்ம ஊர்ல இருக்குது இல்ல, அது போதும். சனமெல்லாம் நடக்கறப்பவே நானும் நடக்கறேன்."

விசில்

படத்தில் பார்த்ததை விட நேரில் அது பெரிது. நம் வரப்பு உயரத்துக்கு அல்ல, ஆள் உயரத்துக்கு மேல் சுவர் எழுப்பி, ஒன்றின் மேல் ஒன்றாகப் பச்சை வயல்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நகம் போகாது. மேலே ஒரு ஊற்றிலிருந்து வரும் தண்ணீர் வயலுக்கு வயல் குதித்து இறங்கிக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் சார் நுழைவாயில் பக்கத்தில் இருந்த கல் தொட்டி வரை நடந்தார். அதற்கு மேல் முடியவில்லை. தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, மப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு, தண்ணீர் விழுவதையே பார்த்தார். உதடு வெளுத்திருந்தது. மற்றவர்கள் முன்னாலேயே வயல் பார்க்க ஏறிப் போய்விட்டார்கள், லூயிஸை அவர் பக்கத்தில் நிறுத்தினேன்.

அம்மா வெறுங்காலோடு கும்பிட்டுவிட்டு இடது பக்கம் நடக்கத் தொடங்கினார், மலை வலது கைப்பக்கம் இருக்க வேண்டும் அல்லவா. நான் பின்னால் போனேன். பத்தடி போவதற்குள் விசில். அம்புக்குறிப் பலகைகள் எல்லாம் வலது பக்கம் ஏறி இடது பக்கம் இறங்கச் சொல்கின்றன, நாங்கள் இறங்கும் வழியில் ஏறுகிறோம். காவலாளி குண்டான மனிதர், கையை வீசித் திரும்பிப் போகச் சொன்னார். அம்மா நகரவில்லை. இடமாகச் சுற்றினால் சுற்றாததை விட மோசம் என்று என்னிடம் தமிழில் சொன்னார், அதை நான் லூயிஸுக்கு ஆங்கிலத்தில் கத்தினேன், அவன் கீழே இருந்தே காவலாளிக்கு அவர் பாஷையில் கத்தினான். எங்கள் ஊரில் மலைதான் சாமி, அதை இப்படித்தான் சுற்றுவோம் என்று விஷயம் போய்ச் சேர்ந்தது.

அந்த மனிதர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். அம்மாவின் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு எட்டத்தில் தெரிந்த ஒரு பனிமலையைக் கைகாட்டி ஏதோ சொல்லிவிட்டு, எங்களுக்கு முன்னால் தானே ஏறத் தொடங்கினார். எதிரே இறங்கி வந்த வெள்ளைக்காரர்களை விசில் ஊதி ஒதுக்கிக்கொண்டே போனார். அவர் சொன்னதை லூயிஸ் கீழேயிருந்து எனக்குச் சொன்னான்: "பெரிய சாமி அந்தப் பனிமலை, இது அவருடைய பிள்ளை. பிள்ளையைச் சுற்றினாலும் அவருக்குத் தெரியும், வரச் சொல்."

கயிறு

ஊற்றுக்குப் பக்கத்தில் வழி முடிந்துவிட்டது. குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. அதற்கு அப்பால் மலையின் முதுகுப்புறம் செங்குத்தான பாறை, கால் வைக்க இடமில்லை. பாதை அங்கிருந்து திரும்பி வலது பக்கமாக வயல் ஓரத்திலேயே இறங்கியது. வயலைச் சுற்றி வந்தாலும் ஒரு சுற்றுதானே அம்மா என்றேன். வயலைச் சுற்றினால் மலையைச் சுற்றியதாகிவிடுமா என்று கேட்டு, அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. கீழே தொட்டியோரம் சின்னதாகத் தெரிந்த மப்ளரையே பார்த்தார். அந்த ஆள் இந்த உயரத்திலிருந்து உயிரோடு இறங்க வேண்டும், அதற்கு இந்தச் சுற்று முடிய வேண்டும், அம்மா மனதில் இவ்வளவுதான் இருந்தது. காவலாளியைக் கயிற்றை அவிழ்க்கும்படி சைகையில் கெஞ்சினேன். அவர் பாறையைக் காட்டி முடியவே முடியாது என்றார். அவர் செய்தது சரிதான்.

பிறகு அவர் இடுப்புப் பையிலிருந்து மூன்று பச்சை இலைகளை எடுத்தார். அந்த ஊர் மலைக்காரர்கள் வெற்றிலை மாதிரி வாயில் அடக்கிக்கொள்வது, மலைக்குப் படைப்பதும் அதைத்தான். அவற்றை அம்மாவின் கையில் கொடுத்து, ஊற்றிலிருந்து கயிற்றுக்கு அடியில் ஓடிய ஒரு வாய்க்காலைக் காட்டினார். அந்தத் தண்ணீர் மலையின் முதுகைச் சுற்றிப் போய், மறுபக்கமாக இறங்கி, கீழே தொட்டியில் விழுகிறது என்று கையாலேயே ஒரு பெரிய வட்டம் போட்டார். அம்மாவுக்கு மொழி தேவைப்படவில்லை. இலைகளைக் கண்ணில் ஒற்றி வாய்க்காலில் விட்டார். அவை கயிற்றைத் தாண்டி, பாறை மறைவில் போய்விட்டன. காவலாளி கீழே பார்த்து லூயிஸுக்கு ஏதோ உரக்கச் சொன்னார், அவன் ஏகாம்பரம் சாரிடம் தொட்டியைக் காட்டிப் பேசுவது தெரிந்தது.

நாங்கள் இறங்கி வந்தபோது ஏகாம்பரம் சார் தொட்டிக்குள் குனிந்து நின்றிருந்தார். ஸ்வெட்டர் கை முழங்கை வரை நனைந்து சொட்டியது. உள்ளங்கையில் ஓர் இலை ஒட்டியிருந்தது, மற்ற இரண்டும் எங்கோ சிக்கிக்கொண்டன போலும். இந்த ஐஸ் தண்ணீரில் கையை விடலாமா, இருக்கிற உடம்புக்கு இது வேறா என்று அம்மா திட்டிக்கொண்டே முந்தானையால் அந்தக் கையைத் துடைத்தார். துடைக்கும்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. எனக்கும் வந்தது, நான் பலகையைப் படிக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். மூச்சு வாங்கி வாங்கி ஏகாம்பரம் சார் சொன்னது இது: "எனக்காகத்தான் நீ நடக்கறன்னு மொதல் மாசமே தெரியும் விசாலம். எனக்குத் தெரிஞ்சா வேண்டுதல் பலிக்காதோன்னு பயம், அதான் நம்பாதவன் மாதிரியே இருந்துட்டேன்."

ஊர் வந்து சேர்ந்ததும், எங்கே போனாலும் பௌர்ணமிக்கு முன்பே திரும்பிவிடுவோம் என்று என் நோட்டீஸில் கொட்டை எழுத்தில் அச்சடித்துவிட்டேன், ஏனென்றால் எல்லா மலையிலும் அப்படி ஒரு காவலாளி கிடைப்பார் என்று நம்பித் தொழில் நடத்த முடியாது.